பாசி பிடித்த தொட்டி

பாசியைப் பற்றி என்னிடம் யாரும் நல்லவிதமாகப் பேசிவிடாதீர்கள். பச்சையைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணவாய் மீனின் ஓட்டை வைத்துக் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி விரல் நுனியெல்லாம் வெடித்து, அந்த வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கி, சோற்றில் கை வைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டவள் நான்.

தொட்டி என் வீட்டுக்காரர் ஹென்றி செய்தது. தூத்துக்குடியில் எங்கள் தெருவிலிருந்து நாலு எட்டு வைத்தால் கடல். மீன் பார்க்க வேண்டுமென்றால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானே. இவருக்கு அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்க்க வேண்டும். நீராவிக் கப்பலில் என்ஜினுக்கு எண்ணெய் விடுகிற வேலை இவருக்கு. ஏதோ ஒரு துறைமுகத்தில், ஒரு துரை வீட்டில், கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் தேக்குச் சட்டம் இழைத்தார், கண்ணாடி பொருத்தினார், தண்ணீர் கசியாமல் இடுக்கில் கீல் பூசினார். ஜன்னலே இல்லாத உள் அறையில் கொண்டுபோய் வைத்தார். அடியில் கடல் மணல், நடுவில் ஒரு பவளக்கல், அதன் மேல் ஒரு கடல்தாமரை. பூவா பூச்சியா என்று சொல்ல முடியாது, ஓயாமல் விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த விரல்களுக்குள் ஒரே ஒரு மீன். கறுத்த உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால்.

தொட்டிக்கு மேலே உறியில் ஒரு மண்பானை தொங்கும். அதன் அடியில் துளை, துளையில் துணித்திரி. கடல்தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். அந்தச் சொட்டில்தான் மீனுக்கு மூச்சு என்பார். கண்ணாடியில் நாலைந்து கடல்நத்தைகளை விட்டிருந்தார், வருகிற பாசியை அவை தின்றுவிடும் என்று.

கப்பலுக்குப் போகும்போதெல்லாம் எனக்குச் சட்டம் போட்டுவிட்டுப் போவார். மீனுக்கு ஒரு துணுக்கு இறால் போதும். அறைக் கதவைத் திறந்து போடாதே, தொட்டியில் வெளிச்சம் படவிடாதே. நாள்தோறும் கொஞ்சம் பழைய தண்ணீரை மொண்டுவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்று. அந்தத் தண்ணீர் மண்பானையில்தான் வர வேண்டும், பித்தளைக் குடத்தில் வரவே கூடாது. ஏன் என்று கேட்டால், "சொன்னதைச் செய்ளா" என்பார். எதற்கும் காரணம் சொல்லுகிற வழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது. தண்ணீர் சுமக்கும் செல்லக்கனி, குடம் என்றால் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன், இந்தப் பானையைத் தூக்கிச் சாக வேண்டியிருக்கிறதே என்று தினமும் முனகுவாள். உப்புத் தண்ணீர் பித்தளையை அரித்துவிடும் என்று பயப்படுகிறான் போலிருக்கிறது என்றார் என் மாமனார். நாங்களும் அப்படியே நினைத்துக்கொண்டோம்.

மாமனாரை வளன் தண்டல் என்றால் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். கொழும்புக்கும் இங்கேயுமாகப் பாய் விரித்தே வாழ்நாளைக் கழித்தவர். மாமியார் நான் வருமுன்பே போய்விட்டார். இருந்தது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை கப்பலேறும் ஒவ்வொரு முறையும் இந்தப் பெரிய மனிதர் துறைமுகப் பாலத்தில் நின்று, ஊர் பார்க்கிறதே என்கிற வெட்கமில்லாமல் அழுவார். நாற்பத்தொன்றாம் வருஷக் கடைசியில் சிங்கப்பூர்க் கப்பலுக்குப் போனபோதும் அழுதார். அவரைத் தேற்றுவதற்காக ஹென்றி சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

"நான் எப்படி இருக்கேன்னு தெரியணுமா? வீட்டுல மீனைப் பாருங்க. அது நல்லா இருந்தா நானும் நல்லா இருக்கேன், போதுமா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அந்த வார்த்தையை மாமா பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டார்.

மாசியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. கப்பல் என்ன ஆனது என்று தெரியவில்லை. ஆட்கள் என்ன ஆனார்கள் என்றும் தெரியவில்லை. ஏஜெண்டு ஆபீசில் கேட்டால் கையை விரித்தார்கள். கொழும்பில் குண்டு விழுந்த நாட்களில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது, சனங்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்கு ஓடினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, அதனால் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டார் மாமா. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அவர் தொட்டியை விட்டு நகரவில்லை. காலையில் எழுந்தவுடன் உள் அறைக்குப் போவார், விளக்கைப் பிடித்துப் பார்ப்பார், மீன் விரல்களுக்குள்ளிருந்து தலையை நீட்டும், பிதா சுதன் என்று வாய்விட்டுச் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வருவார். அப்புறம்தான் காப்பி. மகன் செய்தி வருகிறவரை கடலேறுவதில்லை என்று தோணியையும் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டார்.

மீனுக்கும் மனிதனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவர் சிலுவை போடுகிற சத்தம் காதில் விழுகிறவரை நானும் அடுப்பங்கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

அப்படியே போயிருந்தால் பாசியும் வந்திருக்காது, ஒன்றும் வந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, மலாயாவிலிருந்து எப்படியோ தப்பி வந்த ஒருவனைக் கோவில் வாசலில் கூட்டம் சூழ்ந்து நின்றது. நம் ஆட்களை வெளிச்சமே இல்லாத சரக்குக் கிட்டங்கியில் அடைத்து வைத்திருக்கிறார்கள், ஒரு பிடி அரிசிக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று அவன் சொன்னான். ஹென்றியை அவன் பார்த்ததில்லை, பேரைக்கூடக் கேட்டதில்லை. மாமாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு ஆள் கூப்பிட்டுத் தொட்டியைத் தூக்கி, முன்னறையில் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்துவிட்டார். வெளிச்சம் கூடாது என்று உங்கள் பிள்ளை சொல்லியிருக்கிறாரே என்று நான் தடுத்தேன்.

"ஏளா, அங்கன எம்புள்ள இருட்டுல கெடக்கான். இங்கன இதையும் இருட்டுல போடச் சொல்லுதியா?"



வெளிச்சம் மட்டுமா. தீனியும் கூடிவிட்டது. எங்களுக்கே அரிசி அளந்து கொடுக்கிற காலம், கஞ்சியில் பருக்கையைத் தேட வேண்டும். இவர் கரையில் போய் இறால் வாங்கி வந்து, தோலுரித்துப் பொடிப்பொடியாக நறுக்கி, காலையில் ஒரு கை, மத்தியானம் ஒரு கை, விளக்கு வைக்கும் முன் ஒரு கை என்று போடுவார். அந்தச் சின்ன வாய் எவ்வளவுதான் தின்னும்? மிச்சமெல்லாம் மணலில் விழுந்து அழுகியது.

முதலில் கண்ணாடியில் பழுப்பாக ஒரு தூசு படிந்தது. துடைத்தேன். பிறகு பச்சை. அதையும் கணவாய் ஓட்டால் சுரண்டினேன், கணவாய் ஓடு என்றால் கண்ணாடியில் கீறல் விழாது. நத்தைகள் பாவம், ராப்பகலாகத் தின்று பார்த்தன. அதற்கும் மேலே வளர்ந்தது. பவளக்கல் முழுக்கத் தலைமயிர் போல் நீளமாகத் தொங்க ஆரம்பித்தது. பிடுங்கிப் பிடுங்கிக் கூடையில் போட்டேன், இரண்டு நாளில் மறுபடி நின்றது. கடைசியில் அந்த மயிர் கடல்தாமரையைச் சுற்ற ஆரம்பித்தது. விரல்களை மடக்கிக்கொண்டு அது ஒரு கட்டியாக உட்கார்ந்துவிட்டது. மீனுக்கு ஒதுங்க இடமில்லை. மூலையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. தண்ணீரில் ஒரு நாற்றம். கண்ணாடிக்குள் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை.

மாமாவுக்குப் பார்க்க முடியவில்லை. காலையில் சிலுவை போடும் சத்தம் நேரம் கழித்துக் கேட்டது. சில நாள் கேட்கவேயில்லை, கையை விட்டுப் பாசியை விலக்கி மீனைத் தேடிக்கொண்டிருப்பார். ஆள் இளைத்துப் போனார்.

நான் ஜன்னலில் சாக்குப் போட்டு மறைத்தேன். அவர் எடுத்துவிடுவார். இறால் சட்டியை ஒளித்து வைத்தேன். தேடி எடுத்துவிடுவார். ஒருநாள் பொறுமை போய், நேருக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

"மாமா, நீங்க போடுறதை மீன் தின்னலை. பாசிதான் தின்னுது. தீனியைக் குறைங்க, இருட்டுல வைங்க, எல்லாம் சரியாயிடும்."

"எம்புள்ளைய நீ பட்டினி போடச் சொல்லுதே." கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "உனக்கு அவன் வேண்டாம்னு ஆயிட்டுதோ?"

அன்று முழுவதும் அடுப்பங்கரையை விட்டு நான் வெளியே வரவில்லை. அந்த மனிதர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வரலாமா? எனக்கு ஹென்றி வேண்டாமென்றால் இந்த நாற்றத் தொட்டியில் தினமும் எதற்குக் கையை விடுகிறேன்? அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மறுநாளிலிருந்து தீனியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் மாமா உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். திரும்பும்போது தோளில் ஒரு சாக்கு, முகத்தில் ஒரு தெளிவு. வெகு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாசிக்கு மருந்து எங்கிட்டயே இருக்குளா. ஆயுசு பூரா இது மேல உக்காந்துதானே கடல்ல போய்வந்தேன்."

சாக்கை உதறினார். செம்புத் தகடு. அவருடைய தோணியின் அடிவயிற்றில் அடித்திருந்த தகடு. செம்பு அடித்த தோணியில் பாசி பிடிக்காது, சிப்பி ஒட்டாது, பலகையைப் பூச்சி துளைக்காது. தகடில்லாத தோணிகளைக் கரையேற்றி ஆட்கள் நாள்கணக்கில் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, இவருடைய தோணி மட்டும் கழுவித் துடைத்த பாத்திரமாக வந்து நிற்குமாம். அப்படிப்பட்ட தோணியின் வயிற்றை உரித்துக்கொண்டு வந்திருக்கிறார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தொட்டிக்குள் நாலு பக்கமும் வைத்து, மேல் விளிம்பை மடக்கித் தேக்குச் சட்டத்தில் ஆணி அடித்தார். தோணியிலிருந்து கழற்றிய அதே செம்பு ஆணி.

கடலையே வீடாகக் கொண்டவர் சொல்கிறார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நான்தான் ஆணியை எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

கேட்டது. அதுதான் கொடுமை, மருந்து கேட்டது. நாலைந்து நாளில் பாசி வெளுத்தது. பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. நானும் மாமாவும் ஆளுக்கொரு பக்கமாக நின்று வாரி எடுத்தோம், செல்லக்கனி பானை பானையாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். தொட்டி புதிதாகச் செய்தது போல் ஆனது. ஜன்னல் வெயில் உள்ளே இறங்கி மணலில் விழுந்தது. மீன் நடுவில் நின்றது, அதன் ஒவ்வொரு செதிலும் தெரிந்தது. மாமா சத்தமாகச் சிலுவை போட்டார். மாதா கோவிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து, உன்னைப் போய் அப்படிச் சொல்லிவிட்டேனே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்த அரிசியை எல்லாம் போட்டு அன்றைக்குச் சோறு வடித்தேன்.

முதலில் நத்தைகள் விழுந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்தவை ஒவ்வொன்றாக மணலில் விழுந்து மல்லாந்து கிடந்தன. தின்னப் பாசி இல்லாததால் சோர்ந்திருக்கும் என்று நினைத்தோம். அடுத்தது கடல்தாமரை. சுருங்கியது, மேல்தோல் கரைந்தது, கல்லை விட்டுக் கழன்றது. அதற்குள் மீனின் உடம்பில் மாவு தூவியது போல ஏதோ படர்ந்திருந்தது. மூச்சு வாங்கியது. மேலே வந்து சொட்டுக்குக் கீழே வாயை வைத்துக்கொண்டு நின்றது. நான் பயந்துபோய்த் தண்ணீரை மாற்றினேன், மாற்றிக்கொண்டே இருந்தேன். தகடு அங்கேயேதான் இருந்தது. அதைக் கழற்ற வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அது மருந்தாயிற்றே.

ஒரு காலையில் சிலுவைச் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். மாமா தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் மீன். தண்ணீர் அவ்வளவு தெளிவு.

"நானே அவனைக் கொன்னுட்டேன்ளா."

மீனைச் சொல்லவில்லை அவர். அது எனக்குத் தெரிந்தது.

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மீன் செத்தால் மனிதன் சாவானா, தேற்றுவதற்குச் சொன்ன வார்த்தையைப் போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். திட்டினேன். கெஞ்சினேன். முயல்தீவுப் பக்கம் வலை போடுகிற ஒருவரிடம் சொல்லி, அதே கறுப்பு, அதே பட்டை, அதே மஞ்சள் வாலில் இன்னொன்றை உயிரோடு பிடித்து வரச் செய்தேன். பானையில் அது சுற்றி வருவதை மாமா வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இது யாரு வீட்டுப் புள்ளையோ. கொண்டுபோய்க் கடல்ல விட்டுருங்க."

அதோடு அவர் சாப்பாடும் போயிற்று. தட்டை வைத்தால் ஒரு வாய் எடுப்பார், மிச்சத்தை ஒதுக்கிவிடுவார். ஹென்றிக்குச் சாவுமணி அடிக்கச் சொல்லிச் சாமியாரிடம் போய் நின்றார். செத்ததற்குச் செய்தி இல்லாமல் மணி அடிக்க முடியாது என்று சாமியார் கோபித்துத் திருப்பி அனுப்பினார். மாமா என்னைக் கறுப்புச் சேலை உடுத்தச் சொன்னார், தாலியைக் கழற்றச் சொன்னார். முடியாது என்றேன். மழைக்காலம் தொடங்கும்போது படுக்கையில் விழுந்தார். சாமியார் வந்து அவஸ்தை எண்ணெய் பூசிய பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு, கல்லறைக் கல்லில் என் பேருக்குக் கீழே அவன் பேரையும் வெட்டு என்றார். உயிரோடு இருக்கிறவர் பேரைக் கல்லில் வெட்ட மாட்டேன் என்று சாகக் கிடந்தவரிடமும் நான் சண்டை போட்டேன். மகன் உயிரோடு இருக்கிறான் என்பதை ஒப்புக்கொள்ளாமலே போய்விட்டார். அவர் பேர் மட்டும்தான் அந்தக் கல்லில் இருக்கிறது.

அப்புறம் எனக்குப் பேச ஆளில்லை. செல்லக்கனி வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். தொட்டியைப் பின்முற்றத்தில் தள்ளி வைத்தேன். உடைத்துப் போடத்தான் நினைத்தேன், கை வரவில்லை.

ஜப்பான் சண்டை முடிந்து அடுத்த வருஷம் ஹென்றி வந்தார்.

ஜட்கா வண்டியிலிருந்து இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பல் பாதி இல்லை. சயாம் காட்டில் ரயில் பாதை போட அடித்து வேலை வாங்கியிருக்கிறார்கள். வாசலில் நின்று முதலில் கேட்டது அப்பாவைத்தான். காய்ச்சலில் போய்விட்டார் என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்தார். அழத் தெம்பில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் முகம் கழுவப் பின்முற்றத்துக்குப் போனவர் தொட்டியைப் பார்த்துவிட்டார். உப்புப் பூத்துக் காய்ந்து கிடந்தது. தகடுகள் பச்சைக் களிம்பேறிச் சட்டத்தில் அப்படியே இருந்தன. விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"இதை யாரு போட்டது?"

செல்லக்கனி பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கப் போனாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

"நான்தான்," என்றேன். "பாசி பிடிச்சுது. தோணிக்கு அடிக்கிறது தொட்டிக்கும் ஆகும்னு நெனச்சேன்."

"செம்பு விஷம்ளா. அந்தத் தண்ணில ஒண்ணும் உயிரோட இருக்காது. அதனாலதான் தோணியில எதுவும் ஒட்டுறதில்ல. பித்தளையிலயும் செம்பு இருக்கு. அதுக்குத்தானே குடம் கூடாது, மண்பானைலதான் தண்ணி கொண்டாரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னீர். ஏன் என்று சொன்னீரா? செம்பு விஷம் என்று அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு வாய் திறந்து சொல்லியிருந்தால் உம் அப்பா இன்றைக்கு உம்மைக் கண்ணால் பார்த்திருப்பார். அது நாக்கின் நுனியில் நின்றது. அவருடைய கழுத்தெலும்பைப் பார்த்தேன். தோலுக்கு வெளியே வந்துவிடும் போலிருந்தது. விழுங்கிவிட்டேன்.

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். பயந்துகொண்டே நின்றேன்.

"மீன் சாகும்போது அப்பா இருந்தாரா?"

"இல்ல. அதுக்கு முன்னாலயே போயிட்டாரு."

"நெசமாவா?"

"கடைசி நாள்கூடப் பானையில தூக்கிட்டு வந்து காட்டினோம். நல்லா நீஞ்சிக்கிட்டு இருந்துது. பாத்துச் சிலுவை போட்டுக்கிட்டாரு."

அவர் முகம் இளகியது. வந்த பிறகு அப்போதுதான் முதன்முதலாக ஒரு மூச்சை முழுசாக விட்டார். அன்றைக்குப் பாலத்தில் ஏதோ உளறிவிட்டுப் போனேன், அந்த மனிதர் அதையே பிடித்துக்கொண்டிருப்பாரோ என்று அந்தக் காட்டில் கிடந்து தினமும் பயந்தேன் என்றார். பசியைவிட அது பெரிய பயமாக இருந்ததாம். நல்லவேளை, நான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறார் என்றார். ஆமாம் என்றேன். செல்லக்கனி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டாள்.

அப்புறம் அவருக்கு மறுபடி மீன் ஞாபகம் வந்தது. தகட்டைப் பிடித்து இழுத்தார், ஆணி வரவில்லை. மாமா அடித்த ஆணி, அவ்வளவு சுலபத்தில் வராது. கோபத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுல ஒத்தை மீனை விட்டுட்டுப் போனேன். அதைப் பாத்துக்க உன்னால முடியலியே."

யார் எது சொன்னாலும் பதிலுக்குப் பதில் பேசாமல் இருந்தவள் இல்லை நான். அன்றைக்கு, ஆமாம், முடியவில்லை என்று சொல்லிவிட்டு, உலையில் அரிசி போட உள்ளே போனேன்.